ஒன்பதாம் நம்பர் போட்ட கோல்

அந்தப் பத்திரிகை ஆபீசில் விளையாட்டுப் பக்கத்துக்காரர்களின் அறை மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்தது. நாலு மேஜை, மூன்று போன், ஒரே ஒரு மின்விசிறி. விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் ஆள் வெந்துபோவார். அதனால் அங்கே எந்தக் காகிதத்தின் மேலும் ஏதாவது ஒரு கனம் உட்கார்ந்திருக்கும். ஒரு மேஜையில் பசை டப்பா. இன்னொன்றில், எந்தக் காலத்திலோ யாரோ ஜெயித்துவிட்டு வாங்கிக்கொள்ள மறந்துபோன சின்னக் கோப்பை. அந்தக் கோப்பை இருக்கிற மேஜைதான் ஸ்கோரக்காவுடையது.

அக்காவுக்கு வேலை போன் எடுப்பது. ஊரில் உள்ள சின்னச் சின்ன கிளப்புகளும் பள்ளிக்கூடங்களும் ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டு முடிவு சொல்லும். அவள் குறித்துக்கொடுப்பாள். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும், காதில் விழுந்தது கையை விட்டுப் போகாது. அதற்காகத்தான் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளை எடுத்தார்கள்.

முடிவு சொல்கிற போன் பத்து வந்தால் வம்பு பேசுகிற போன் இருபது வரும். தோற்றவர்கள் கூப்பிடவே மாட்டார்கள். ஜெயித்த அணியிலோ மூன்று பேர் தனித்தனியாகக் கூப்பிட்டு மூன்று கணக்குச் சொல்வார்கள். முடிவெட்டுகிற கடையிலிருந்து ஒருவர் கூப்பிடுவார், பின்னால் கத்தரிச் சத்தம் கேட்கும். பத்து வருஷத்துக்கு முந்தின ஒரு ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அங்கே இரண்டு பேருக்குள் சண்டை, பாதித் தலையோடு ஒருத்தர் எழுந்து நிற்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள் என்பார். ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர் நேற்றைய ஆட்டத்தில் விசில் ஊதினது ஏன் தப்பு என்று அரை மணி நேரம் வகுப்பெடுப்பார். நீச்சல் போட்டியில் மூன்றாவதாக வந்த பையனின் அப்பா ஒருநாள் பிடித்துக்கொண்டார். மற்றப் பையன்கள் போட்டோவில் முழுசாக இருக்கிறார்களாம், தன் பையனுக்கு மட்டும் பாதி முகமாம்.

"அவன் என்னம்மா, பாதிதான் நீந்தினானா?"

"முழுசா நீந்தினார் ஐயா. அடுத்த தடவை முழுசா போடச் சொல்றேன்" என்றாள் அக்கா.

யாரிடமும் அவள் முகம் சுளித்ததில்லை. காலையில் முதல் ரிசீவரை எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். "ஆண்டவனே, இன்னிக்கு யார் பேரையும் என் கையால தப்பா எழுத வைக்காதே." சின்ன வேலையானாலும் எவ்வளவு பக்தி என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது பக்தி மட்டும் இல்லை, பயமும்தான் என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. அதற்குப் 'படுக்க வைக்கிறது' என்று பெயர். ஒரு ஆளுக்கு மூன்று போன் என்றால் என்ன செய்வது? நீட்டி முழக்குகிறவர் வந்தால் ரிசீவரை மெதுவாகப் பழைய பேப்பர் மடிப்பின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அடுத்த போனை எடுப்பார்கள். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு தடவை குனிந்து "ம், சொல்லுங்க" என்றால் போதும். கடைசியில் எடுத்து "புரிஞ்சுது" என்றால் அவருக்கும் திருப்தி. வேலைக்கு வந்த முதல் நாளே அக்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அவள் யாரையும் படுக்க வைப்பதில்லை. ஒருவரிடம் பேசும்போது மற்ற இரண்டு போனும் அலறினால் அலறட்டும் என்று விட்டுவிடுவாள். செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டுகிறவருக்கு, அவரை எல்லோரும் மீசை என்பார்கள், இதில் தீராத எரிச்சல். "அக்கா, உங்களுக்குப் பொறுமை இருக்கு சரி, எனக்குக் காது இருக்கே" என்பார்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு ஒரு போன் வரும். வெயில் வந்தாலும் மழை வந்தாலும் அது வரும். மீசை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க சம்பந்தி லைன்ல" என்பார். பேசுகிறவருக்கு அந்த அறையில் 'திங்கக்கிழமை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சத்தம் போடமாட்டார், திட்டமாட்டார். ஒரே விஷயத்தை அதே வார்த்தைகளில் சொல்வார். இன்ன வருஷம், இன்ன மாதம், கிளப்புகளின் இறுதி ஆட்டம். அறுபத்தோராவது நிமிஷம் விழுந்த கோலைப் போட்டது என் மகன். நீங்கள் அவன் மாமா மகன் பேரைப் போட்டுவிட்டீர்கள். திருத்தம் போடுங்கள்.

திருத்தம் என்றால் ஏழு நாளைக்குள் என்பது ஆபீஸ் விதி. அதை அவரிடம் எத்தனை ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள்! இப்போது இருப்பவர் மூன்றாவது ஆள். பக்கம் முடிந்தால் விசிலடிப்பார் என்பதால் அவருக்கு விசில் சார் என்று பெயர். அவரும் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு, இந்த ஆள் அக்காவின் பொறுப்பு என்று கையைக் கழுவிவிட்டார்.

அக்கா ஒவ்வொரு திங்களும் முழுசாகக் கேட்பாள். "சரிங்க ஐயா, சொல்றேன்" என்பாள். வைத்த பிறகு முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வாள்.

ஏனென்றால் அந்தக் கோலை மாற்றி எழுதியது அவள்தான்.

அப்போது வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள், அதில் இன்னும் நாலு நாள் பாக்கி. வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவள் காலையில் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீரும் ரேடியோவும் வைத்துவிட்டு வருவாள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் மூன்று போனும் ஒரே நேரத்தில் அடித்தன. ஒன்றில் பேசியவர் அந்த கிளப்பின் செயலாளர். நிதானமான மனுஷன், ஆதியோடந்தமாகத்தான் சொல்வார். மழையில் ஆரம்பித்தார். அவள் ரிசீவரைப் படுக்க வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். திரும்ப எடுத்தபோது அவர், "...அதான்மா விஷயம், புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுது ஐயா" என்றாள்.

"அப்போ எழுதிக்கோ. அறுபத்தோராவது நிமிஷம், ஒன்பதாம் நம்பர்."

அந்த நாளில் யாரும் பெயர் சொல்லிக்கொண்டு நேரத்தை ஓட்டமாட்டார்கள், நம்பர் மட்டும்தான். ஒவ்வொரு கிளப்பின் பட்டியலும் சுவரில் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துப் பெயர் நிரப்பவேண்டியது. பட்டியலில் ஒன்பதாம் நம்பர் செயலாளரின் மகன். அப்படியே எழுதினாள்.

அவன் இடைவேளைக்கு முன்பே கால் பிசகி வெளியே உட்கார்ந்துவிட்டான். சட்டை கிழிந்துபோன அத்தை மகன், அதாவது ஃபிட்டரின் மகன், அவனுடைய ஒன்பதாம் நம்பர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடினான், கோலும் அடித்தான். மழையில் ஆரம்பித்த செயலாளர் அதைத்தான் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டது பழைய பேப்பர் மடிப்பு.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டு அப்போதைய ஆசிரியரிடம் முறையிட்டார். ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, என்னம்மா சொன்னார் என்று கேட்டார். அவளுக்கு வாயில் வந்தது ஒரே வாக்கியம்.

"அவர் அந்தப் பேரைத்தான் சார் சொன்னார்."

அவ்வளவுதான். ஆசிரியர் போனில் அந்த மனுஷனைப் பிடிபிடியென்று பிடித்தார். சொந்த மகன் பேரைக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரங்க கேட்டதும் எங்க தலையில் கட்டுகிறீர்களா என்றார். ஃபிட்டர் கூப்பிட்டபோதும் அதையே சொன்னார்: உங்க செயலாளர் சொன்னதைத்தான் போட்டோம்.

அந்தச் செயலாளர் ஃபிட்டருக்கு மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

பத்திரிகையில் வந்த துண்டைப் பார்த்துவிட்டு ஆலை அணிக்காரர்கள் மாமா மகனைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். பையன் முதலில் தயங்கினான், அப்புறம் போனான், வேலையும் கிடைத்தது. ஃபிட்டரின் மகன் லாரியில் ஏறினான், தூர தேசம் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். மச்சானும் மச்சானும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் இவர் சைக்கிளை விட்டு இறங்கிச் சங்கிலியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வாராம். இதையெல்லாம் ஃபிட்டர் திங்கள் திங்களாக, கொஞ்சம் கொஞ்சமாக அக்காவிடமே சொன்னார். சொல்வதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை.

அக்காவுக்கு வேலை நிரந்தரமான பதினோராவது மாதம் புருஷன் போய்ச்சேர்ந்தார். யாருக்காகப் பொய் சொன்னாளோ அவர் இல்லை, பொய் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும், இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படி ஏறுவாள். முதலில் வேலை போய்விடுமே என்று பயந்தாள். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தாள். நாள் ஆக ஆக அந்தக் கேள்விதான் பெரிசாகிக்கொண்டே போனது. ஜபம் பண்ண உட்கார்ந்தால் பாதியில் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். மனுஷரிடம் மறைத்ததை ஆண்டவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இந்த வருஷம் மழைக்காலம் முடிந்த முதல் திங்கட்கிழமை, மூன்றரைக்குப் போன் வந்தது. மீசை வழக்கம்போல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுமுனையில் இன்ன வருஷம் இன்ன மாதம் என்று ஆரம்பிக்கவில்லை.

"என் மச்சான் போயிட்டான்மா. வியாழக்கிழமை."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் அழவில்லை, அதே நிதானத்தில் சொன்னார். சாவுக்கு மனைவி மட்டும் போனாளாம். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போயிருக்கிறார். அங்கே போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்ததும் கால் வரவில்லை, திரும்பிவிட்டார். மனைவி சாயங்காலம் ஒரு சீட்டைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தாளாம். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் போனில் படிக்க மச்சான் எழுதிவைத்த சீட்டு. ஒன்பதாம் நம்பர் என்று எழுதி, எதிரே 'தங்கச்சி மகன், சட்டை மாற்றிப் போட்டது' என்று குறித்து, அடியில் கோடு போட்டிருந்தது.

"அப்பவே காட்டினான். நீ அப்புறமா உட்கார்ந்து எழுதிக்கிட்டதுடான்னு சொல்லி மூஞ்சியில விட்டெறிஞ்சேன். அதைப் பொறுக்கி மடிச்சு இத்தனை வருஷம் வச்சிருந்திருக்கான்."

அக்கா எதிரே இருந்த கோப்பையை ஓரமாக நகர்த்தினாள்.

"சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான். நான் எல்லாத்தையும் விவரமா சொன்னேன், அந்தப் பொண்ணு புரிஞ்சுதுன்னு சொல்லிச்சு, அது எப்படி மாறிச்சுன்னு தெரியல, அப்படின்னு." பிறகு கேட்டார். "நீ ரொம்ப வருஷமா அங்க இருக்கியேம்மா. உன்னைத்தான் கேக்கணும். அன்னிக்குப் போன் எடுத்த பொண்ணு யாரு? இப்ப எங்க இருக்கு? திட்டறதுக்கு இல்லம்மா. எம் மகன் அடிச்சதுன்னு எம் மச்சான் சொன்னானா சொல்லலையா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

அவளுக்கு வழி திறந்துதான் இருந்தது. தெரியாது ஐயா, அந்தப் பொண்ணு எப்பவோ வேலையை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் நம்பிவிடுவார். இத்தனை வருஷம் அவர் நம்பிய ஒரே ஆள் அவள்தான். அந்த நேரம் பார்த்து இரண்டாவது போன் அடித்தது. அவள் கை தன்னையறியாமல் ரிசீவரைக் கீழே கொண்டுபோனது. கீழே மடித்துவைத்த பழைய பேப்பர் இருந்தது.

பாதி வழியில் கை நின்றது. ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"நான்தான் ஐயா."

"என்னம்மா?"

"போன் எடுத்தது நான்தான். அவர் சட்டை மாறின கதையைச் சொல்லும்போது நான் ரிசீவரைக் கீழ வச்சுட்டு வேற போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். கேக்காமலே புரிஞ்சுதுன்னு சொன்னேன். மறுநாள் கேட்டப்போ, அவர்தான் அந்தப் பேரைச் சொன்னார்னு பொய் சொன்னேன். உங்க மச்சான் மேல ஒரு தப்பும் இல்லை ஐயா."

இரண்டாவது போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மீசை பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம்தான் ஃபிட்டர் பேசினார்.

"ஒவ்வொரு திங்கக்கிழமையும் உன்கிட்டதானே பேசினேன்."

"ஆமாங்க ஐயா."

"அவன் போன வியாழன் வரைக்கும் இருந்தானேம்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கடுஞ்சொல் இல்லை. ரிசீவரை வைக்கிற சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. அவர் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அக்கா எழுந்து விசில் சாரின் மேஜைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வேலையை எடுத்தாலும் சரி, திருத்தம் போடவேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்தொன்பது வருஷத்துத் தப்பைத் திருத்தினால் நாளைக்கு ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்களே, அன்றைக்கு இருந்த ஆசிரியரும் இல்லை, யாருக்கும்மா இது என்று கேட்டார்.

"செத்துப்போனவருக்கு, சார்."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். நேற்று நடந்த கிளப் ஆட்டங்களின் முடிவுப் பட்டியலில் கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தது. தோற்ற அணிக்காரர்கள் வழக்கம்போலக் கூப்பிடவில்லை, ஜெயித்தவர்களும் இந்தத் தடவை ஏனோ கூப்பிடவில்லை.

"மூணு வரி இருக்கு. எழுதுங்க" என்றார்.

அக்கா எழுதிக்கொடுத்தாள். இன்ன ஆட்டத்தில் கோல் அடித்தவர் இன்னார். கிளப் செயலாளர் சரியாகவே தெரிவித்தார். போனில் குறித்துக்கொண்டவரின் தவறு. விசில் சார் மூன்றாவது வரியை அடித்துவிடப் போனார், அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். மீசை அதைப் பக்கத்தில் சேர்க்கும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மறுநாள் அது வந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா செயலாளரின் வீட்டுத் தெருவுக்குப் போனாள். வாசலில் இரவல் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யார் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவது? எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஃபிட்டரைப்போலவே அவளும் திரும்பிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றரைக்குப் போன் வரவில்லை. மூன்று முப்பத்தைந்துக்கு மீசை ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். அதற்கடுத்த திங்களும் வரவில்லை.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆட்டம் முடிகிற நேரம். மூன்று போனும் அடித்துக்கொண்டிருந்தன. அவள் ஒன்றை எடுத்தாள்.

"எழுதிக்கோ" என்றது குரல்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக வருகிற 'அம்மா' அதில் இல்லை. எந்த கிளப் என்பதை மட்டும் சொன்னார். செயலாளர் போன பிறகு அந்த கிளப்புக்கு முடிவு சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. அந்த வேலையை இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க அணி தோத்துடுச்சு. ரெண்டுக்கு ஒண்ணு. எங்க கோல் இருபத்திமூணாவது நிமிஷம், நாலாம் நம்பர்." நம்பரோடு பையனின் பெயரைச் சொன்னார், அவன் அப்பா பெயரைச் சொன்னார். எதிரணி போட்ட இரண்டு கோலுக்கும் அதேபோல நம்பரும் பெயரும் அப்பா பெயரும் சொன்னார். தோற்ற அணியிலிருந்து இதற்கு முன் போன் வந்ததாக அந்த அறையில் யாருக்கும் நினைவில் இல்லை.

"திருப்பிப் படி" என்றார்.

அவள் படித்தாள். குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. அவர் காத்திருந்தார். அவள் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"புரிஞ்சுதா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?

"சரி" என்றார், வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார். ஜெயித்தாலும் கூப்பிடுகிறார், தோற்றாலும் கூப்பிடுகிறார். முடிவைச் சொல்வார், திருப்பிப் படிக்கச் சொல்வார், வைத்துவிடுவார். வேறு ஒரு வார்த்தை கிடையாது. மகன் எப்படி இருக்கிறான், வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க அக்காவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்கமாட்டாள், அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவர் பேசும்போது மற்ற இரண்டு போனும் அடித்தால் இப்போது மீசையே எழுந்து வந்து எடுக்கிறார். அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காதை நன்றாக அழுத்தி, ஒவ்வொரு பெயரையும் வாங்கிக்கொள்கிறாள். காலையில் கண்ணை மூடும்போது பழைய வேண்டுதலோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறாள். அது மன்னிப்பு இல்லை, மன்னிப்பைக் கேட்க அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. இந்த ஞாயிறும் அவர் கூப்பிடவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறாள்.